பீரோவில் கிடைத்த வெள்ளி ரூபாய் அசலா, போலியா? வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

‘இந்த விக்டோரியா காசு உங்ககிட்ட இருக்கா? அடுத்த லட்சாதிபதி நீங்கதான்!’

இப்படி ஒரு வீடியோ ஃபோனில் வந்து விழுந்ததும் பல வீடுகளில் பீரோவும் டிரங்குப் பெட்டியும் திறக்கப்படுகின்றன. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்தோ, பூஜை அறைச் சொம்பிலிருந்தோ நாலைந்து வெள்ளி ரூபாய்கள் வெளியே வருகின்றன. அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வீடியோவில் சொன்ன எண்ணுக்குப் பேசி, ‘பதிவுக் கட்டணம்’ கட்டி ஏமாறுகிறார்கள். இல்லையென்றால், தெருமுனை நகைக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதில் ஒன்று எடையைப் போலப் பல மடங்கு விலை போகிற நாணயமாக இருந்திருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கையில் இருப்பது வெள்ளியா என்பது ஒன்று. அது அரசு ஆலையில் அடித்த அந்த நாணயம்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு சின்ன தராசு பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கண் வேண்டும். சுத்த வெள்ளியில் செய்த போலி நாணயங்களும் உண்டு என்பதால், ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் வைத்துக்கொள்ள முடியாது.

எடை என்ன சொல்கிறது?

நம்மூர் வீடுகளில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் இந்திய ரூபாய்தான். 1835ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். வில்லியம், விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் என்று தலை மாறிக்கொண்டே வந்தாலும் இந்த எடையும் கலவையும் 1939 வரை மாறவே இல்லை. பழைய சித்த மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருகிறதே, அது இந்த ரூபாயின் எடைதான். படிக்கல் இல்லாத வீட்டில் ரூபாயையே படிக்கல்லாக வைக்கும் அளவுக்கு நம்பிக்கை!

ஆகவே முதல் வேலை, 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்ப்பது. இந்தத் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. புழங்கித் தேய்ந்த நாணயம் 11.66க்குக் கொஞ்சம் குறைவாக, 11.4 அல்லது 11.5 காட்டலாம். அது இயல்பு. தேய்ந்தால் எடை குறையும், ஒருநாளும் கூடாது. 12 கிராம் காட்டுகிற ‘பழைய’ ரூபாய் என்றால் உஷார். முகமும் எழுத்தும் புத்தம் புதுசாக இருந்து எடை மட்டும் 11 கிராமுக்குக் கீழே என்றாலும் அதே உஷார் வேண்டும்.

1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் தனி ரகம். போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அதனால் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் கலந்து அடித்தார்கள். எடை அதே 11.66 கிராம். 1947ஆம் ஆண்டு ரூபாயிலோ வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். பின்பக்கத்தில் புலி இருக்கும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பைப் பார்த்து இதையும் வெள்ளி என்று பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறைய.

காந்தம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது சரி. ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

எடையை மட்டும் சரிசெய்வது போலி செய்பவருக்குப் பெரிய வேலை இல்லை. தகட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினால் போயிற்று. எடையோடு அடர்த்தியையும் சேர்த்துச் சரிசெய்வதுதான் கஷ்டம். செம்பு, பித்தளை போன்ற ஒரு மலிவான உலோகத்தில் 11.66 கிராம் எடுத்தால், அது வெள்ளியைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய சின்ன பிளாஸ்டிக் கப்பை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக அசைத்து விடுங்கள். இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. முதலில் எடுத்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

அசல் விக்டோரியா ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 11.66ஐ 1.13ஆல் வகுத்தால் 10.3. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி என்றால் வரவேண்டிய அடர்த்தி இதுதான். 1940ஆம் ஆண்டுகளின் பாதி வெள்ளி ரூபாய்க்கு 1.22 வரும், அதாவது அடர்த்தி சுமார் 9.5. செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியதாக இருந்தால் 1.30 தொட்டுவிடும். பித்தளை என்றால் இன்னும் கூட. கணக்கில் 0.02 இப்படி அப்படி இருந்தால் நூலும் குமிழியும் காரணமாக இருக்கலாம். 1.13க்குப் பதில் 1.30 வந்தால் அதற்கு நூலைக் குறை சொல்ல முடியாது.

முடிந்ததும் நாணயத்தைத் துடைக்க வேண்டாம். பருத்தித் துணியில் வைத்து ஒற்றி எடுத்தால் போதும். ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

நகைக்கடையில் பார்க்கச் சொன்னால் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது ஒன்று. அதற்குச் சம்மதிக்கவே வேண்டாம், விளிம்பில் விழும் அந்தக் கீறல் நாணயத்தின் விலையைக் கெடுத்துவிடும். இன்னொன்று எக்ஸ்ரே முறையில் உலோக சதவீதம் காட்டும் மெஷின். நாணயத்துக்குச் சேதாரம் இல்லை. ஆனால் அது பார்ப்பது மேல்பரப்பை மட்டும்தான். தடிமனான முலாம் அதை ஏமாற்றலாம். மெஷின் ரிப்போர்ட்டும் தண்ணீர்க் கணக்கும் ஒத்துப்போனால் முதல் கேள்வி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளிதான்... ஆனால் நாணயம்தானா?

காசைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது தமிழகத்தில் பழங்காலத்திலேயே ஒரு தொழில். அவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று சங்கப் புலவர் ஒருவரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் மெஷின் கிடையாது. இருந்தது கண்ணும் கையும் மட்டும்தான். இன்றைக்கு அதோடு பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, விளிம்பை. அசல் ரூபாயின் விளிம்பில் நெருக்கமான கோடுகள் சுற்றிலும் ஒரே சீராக ஓடும். போலிகளில் பல, அச்சில் உருக்கி ஊற்றிச் செய்தவை. இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு தெரியும், அல்லது அதை அரம் போட்டுத் தேய்த்த அடையாளம் இருக்கும். ஆலையில் நாணயத்தை ஊற்றுவதில்லை, அழுத்தி அடிக்கிறார்கள். அதனால் எழுத்துகளின் ஓரம் கத்தி மாதிரி எழும்பி நிற்கும், எழுத்துக்கு நடுவே உள்ள தளம் வழவழப்பாக இருக்கும். ஊற்றியதில் எழுத்து சோப்புக் கட்டியில் பதித்த மாதிரி மழுங்கலாக இருக்கும். தளத்தில் குண்டூசி முனை அளவுக் குழிகள் தெரியும்.

தேய்மானத்தால் வந்த மழுங்கலும் ஊற்றியதால் வந்த மழுங்கலும் ஒன்று இல்லை. புழக்கத்தில் தேய்ந்தால் உயரமான இடங்கள்தான் முதலில் தேயும். பள்ளத்தில் இருக்கும் நுணுக்கம் அப்படியே இருக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தே மங்கலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது வரலாற்றுப் பாடம். போலி செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் வந்த இந்த வகை ரூபாயில் இரண்டே ஆண்டுகள்தான் இருக்கும். வில்லியம் மன்னர் படத்தோடு 1835, விக்டோரியா படத்தோடு 1840. ‘கம்பெனி ரூபாய், 1850’ என்று யாராவது நீட்டினால் தராசை எடுக்கவே தேவையில்லை.

1862 முதல் விக்டோரியா ‘குயின்’. 1877ல் அவர் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட பிறகு நாணயத்தில் ‘எம்ப்ரஸ்’. எனவே 1862 என்று போட்டு ‘எம்ப்ரஸ்’ என்றிருந்தால் அது தவறான ஜோடி. எட்வர்டு ரூபாய் 1903ல்தான் தொடங்குகிறது, 1910ல் முடிகிறது. அதில் மன்னர் கிரீடம் இல்லாமல் வெறும் தலையோடு இருப்பார். கிரீடம் வைத்த எட்வர்டு ரூபாய் என்று எதுவும் அடிக்கப்படவில்லை.

1862 என்ற ஆண்டைப் பற்றி ஒரு சுவாரசியம். அந்த ஆண்டு வந்த ரூபாயில் ஆண்டை மாற்றாமலே பத்து வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டே போனார்கள். 1874ல்தான் ஆண்டு மாறுகிறது. இடையில் அடித்தவற்றை, நாணயத்தில் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். 1862 ரூபாய் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1869 வரை சென்னையிலும் நாணய ஆலை இருந்தது. வடசென்னையில் தங்கசாலை, மின்ட் தெரு என்ற பெயர்கள் அதன் மிச்சம்தான். பின்னாளில் பெரும்பாலும் கல்கத்தா அல்லது பம்பாய். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

‘பன்றி ரூபாய்’ கதையைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1911ல் வந்த முதல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட்டது. பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, பெரும் பகுதியைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். 1912 முதல் தும்பிக்கை நீளமாகிவிட்டது. 1911 என்று போட்ட ரூபாய் கிடைத்தால் முதலில் அந்த யானையைத்தான் பார்க்க வேண்டும். நீளத் தும்பிக்கையோடு 1911 என்றிருந்தால் யாரோ ஆண்டில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஆண்டில் கை வைப்பது என்றால் அதிகம் அடிபடுவது 1939. ஆறாம் ஜார்ஜின் 1938 ரூபாய் சாதாரணம், 1939 அபூர்வம். 8ஐச் சுரண்டி 9 ஆக்கிவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். இங்கே வெள்ளி அசல், எடை அசல், முகம் அசல், ஒரே ஓர் இலக்கம் மட்டும் போலி. தராசும் தண்ணீரும் மெஷினும் இதைப் பிடிக்காது. லென்ஸில் அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தின் நிறம் மாறியிருக்கிறதா, கீறல் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் ஆரம்பம். நிஜமாகவே 1939 என்று தோன்றினால் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டாமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

பளபளன்னு தேய்ச்சா விலை ஏறுமா?

ஏறாது, இறங்கும். நல்ல நாணயங்கள் பல வீடுகளில் கெட்டுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். அதே கையோடு காசையும் துலக்கிவிடுகிறார்கள். சிலர் புளி, சிலர் டூத்பேஸ்ட், யூடியூப் பார்த்தவர்கள் அலுமினியத் தாளும் சமையல் சோடாவும். கறுப்பு போய்விடும், கூடவே நாணயத்தின் மேல்தோலும் போய்விடும். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து பல வருடங்களில் உண்டான மெல்லிய படலம். சேகரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள். சில நாணயங்களில் அது நீலமும் ஊதாவுமாகப் படர்ந்திருந்தால் கூடுதல் விலையே கொடுக்கிறார்கள்.

ஆலையிலிருந்து வந்த மேனி கலையாத நாணயத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால், ஒளிக்கற்றை ஒன்று சக்கரத்தின் ஆரம் போலச் சுழலும். தேய்த்த நாணயத்தில் அந்தச் சுழற்சி இருக்காது. மொத்தமும் ஒரே மாதிரி வெளுப்பாகப் பளிச்சிடும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். ஒருமுறை விழுந்த கீறலை எடுக்க வழியே இல்லை. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாணயத்தின் நிலையைச் சொல்ல வியாபாரிகள் சில சொற்களை வைத்திருக்கிறார்கள். ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, அதற்கும் மேலே புழங்காதது என்ற பொருளில் ‘அன்சர்குலேட்டட்’. இதில் வேடிக்கை, ‘குட்’ என்று ஒன்று இருக்கிறது. அது பட்டியலின் கீழ்க்கோடியில் இருக்கிறது. தலை யாருடையது என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்ததற்குத்தான் ‘குட்’ என்று பெயர்! ஆன்லைனில் ‘குட் கண்டிஷன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

விக்டோரியா ரூபாயில் கிரீடத்தின் கல் வேலை, காதுக்குப் பக்கத்துக் கூந்தல், மேலாடையின் பூவேலை ஆகியவை முதலில் தேயும். எட்வர்டில் காதுக்கு மேல் முடியும் தாடியும், ஜார்ஜில் கிரீடமும் அங்கியும். இந்த மேடுகளில் இழை இழையாக வேலைப்பாடு தெரிந்தால் நாணயம் அதிகம் புழங்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். மன்னர் தலைக்கு நேர் மேலே விளிம்பு. மாலையாகக் கோக்க அங்கே வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்திருப்பார்கள். பற்றவைத்த தழும்பு இருந்தாலோ, ஓட்டை போட்டு அடைத்திருந்தாலோ, எவ்வளவு அழகான நாணயமும் ஏறக்குறைய வெள்ளி விலைக்கு வந்துவிடும்.

நூறு வருஷம் ஆச்சே, விலை இருக்காதா?

வயது வேறு, அருமை வேறு. முதல் உலகப்போர் நேரத்தில் ரூபாய்க்கு அவ்வளவு தேவை. 1917ல் அரசு ஒரு ரூபாய் நோட்டையே அச்சிட வேண்டியதாயிற்று. 1918ல் அமெரிக்கா தன்னிடமிருந்த வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி, இந்திய நாணயத் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது. அந்தக் காலத்து ஜார்ஜ் ரூபாயில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்க வாய்ப்புண்டு. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தனை கோடி அடித்ததால்தான் 1918 ரூபாய் இன்றும் மூலைக்கு மூலை கிடைக்கிறது. தேய்ந்த 1918 ரூபாய்க்கு வெள்ளி விலையைவிடப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

வெள்ளி விலையைக் கணக்கிடுவது சுலபம். 1939 வரையிலான ஒரு முழு ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். கணக்குக்காக கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 1,069 ரூபாய். அன்றைய விலையைப் பெருக்கிக்கொள்ளலாம். 1940க்குப் பிந்தியது என்றால் 5.83 கிராம்தான். கடைக்காரர் இதற்குக் கீழே எவ்வளவு குறைக்கிறார் என்பதை வைத்து அவரை எடைபோடலாம். நாணயம் நல்ல நிலையில் இருந்தால் நகைக்கடைக்குப் போகும் முன் நாணய வியாபாரிகள் இரண்டு பேரிடமாவது காட்டுவது நல்லது. நாணயவியல் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் அது எளிது.

லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லும் வீடியோக்களுக்கு வருவோம். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதாகச் சொல்லி, தன் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கட்டணமும் வரியும் கேட்கும் கும்பல்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தான் ஈடுபடுவதும் இல்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று அது சொல்லிவிட்டது. வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் ஃபோனை வைத்துவிடலாம். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் ‘கிழக்கிந்தியக் கம்பெனி அணா’வும் இதே கும்பல்களின் சரக்குதான். அப்படி ஓர் அணாவைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று ஆரம்பித்தால் சொல்லவே வேண்டாம், அது நேராக போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம்.

மண்ணில் கிடைத்தால்?

வீட்டில் வழிவழியாக வந்த காசு வேறு. வீடு கட்டத் தோண்டும்போது பானையில் கிடைத்தது வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இன்றைய வெள்ளி விலையில் ஒற்றை நாணயமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். நூறு வருடம் ஆன நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலை சொல்கிறார் என்று 1912 ரூபாயை கூரியரில் அனுப்புவது குற்றம்.

விற்கும் எண்ணம் இல்லாதவர்கள் வைத்திருக்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் அதிலுள்ள கந்தகம் நாணயத்தில் கறுப்புப் பட்டையாகப் பதிந்துவிடும். மெத்தென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளாக ஆகப் பச்சைப் பிசுக்கை விடும். நாணயக் கண்காட்சிகளில் கிடைக்கும் அட்டைச் சட்டம் போட்ட உறை ஒன்று சில ரூபாய்தான். உள்ளே வைக்கும்போது விளிம்பைப் பிடித்து வைக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது.